காட்டில் ஒரு கயிறு, கடலில் ஒரு கயிறு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. தாவரவியல் மாணவி)

உலகிலேயே பெரிய உயிர் எது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் "நீலத் திமிங்கலம்" என்போம். பள்ளிப் பாடநூல் நமக்கு அப்படித்தான் கற்றுக் கொடுத்தது. அந்த விடையில் தவறும் இல்லை. எடையில் அதை மிஞ்சிய விலங்கு வேறில்லை. ஆனால் 'பெரிய' என்ற சொல்லுக்கு 'நீளமான' என்று பொருள் கொண்டால், திமிங்கலத்துக்குப் போட்டியாக ஒரு புழு வந்து நிற்கிறது. 'பரந்த' என்று பொருள் கொண்டாலோ, புழு, திமிங்கலம் இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஒரு காளான் முன்னால் வருகிறது.

காளானையும் புழுவையும் ஒரே கட்டுரையில் சேர்ப்பது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது போல் தோன்றலாம். ஆனால் இங்கே முடிச்சு உண்மையாகவே இருக்கிறது. ஆங்கிலேயர்கள் இவ்விரண்டுக்கும் ஒரே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். 'பூட்லேஸ்' என்பது அந்தப் பெயர். அதாவது பூட்ஸ் கயிறு. காளான் 'பூட்லேஸ் ஃபங்கஸ்', புழு 'பூட்லேஸ் வோர்ம்'. எனக்கு முதன்மைப் பாடம் தாவரவியல். துணைப் பாடம் விலங்கியல். நூலகத்தில் ஒரே மாலையில் இரண்டு பாடத்துக்கும் குறிப்பெடுத்தபோது, இரண்டு புத்தகத்திலும் அதே சொல்லைக் கண்டேன். கயிறு திரிக்கும் வீட்டில் பிறந்தவள் நான். கயிறு என்ற சொல்லைக் கண்டபின் அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

காட்டுக் கயிறு

முதலில் காளானைக் காண்போம். இதன் இனப்பெயர் ஆர்மில்லேரியா. குடைகள் தேன் நிறத்தில் இருப்பதால் 'தேன் காளான்' என்றும் அழைப்பர். அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய பகுதிகளின் காடுகளில் இலையுதிர் காலத்தில் மரத்தடிகளில் கொத்துக் கொத்தாக முளைக்கும். சில நாட்களில் அழுகி மறைந்துவிடும். இதைப் பார்ப்பவர் 'முளைத்தது, மாண்டது' என்று எண்ணுவார். ஆனால் குடை என்பது அந்த உயிரின் கனி போன்றதுதான். மாமரத்திலிருந்து மாங்காய் விழுந்தால் மரம் செத்துவிட்டது என்போமா?

உண்மையான உடல் மண்ணுக்கடியில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகச் சேர்ந்து, பழுப்பும் கறுப்புமான கயிறுகளாகின்றன. இக்கயிற்றை 'ரைசோமார்ஃப்' என்பர். வெளியே கருமையான, கெட்டியான தோல். உள்ளே வெண்ணிற இழைகள். தேங்காய் நார் ஒன்றின் நீளம் ஒரு சாணைத் தாண்டினால் அதிகம். ஆனால் நாரும் நாரும் கூடிப் புரியாகி, புரியும் புரியும் கூடிக் கயிறாகும்போது அது கிணற்றின் அடி வரை போகிறதல்லவா? அதுபோலவே இதுவும். ஒரு மரத்தின் வேரைத் தின்று முடித்த காளான், உணவில்லாத மண்ணைக் கடந்து அடுத்த மரத்தின் வேரை எட்ட இந்தக் கயிற்றை அனுப்புகிறது. பழைய மரத்தில் கிடைத்த உணவு கயிறு வழியே நுனிக்குப் போகிறது. புதிய வேரைத் தொட்டதும் பட்டைக்கடியில் வெள்ளை விசிறி போலப் படர்ந்து மரத்தைக் கொல்கிறது. மரத்தின் கெட்டியான பொருளாகிய லிக்னினையும் செரித்துவிடும் வல்லமை இதற்கு உண்டு. இழை படர்ந்த அழுகிய மரம் இருளில் மங்கலாக ஒளிர்வதும் உண்டு.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கிரிஸ்டல் ஃபால்ஸ் என்ற ஊருக்கருகில் உள்ள காட்டில், 1980-களின் இறுதியில் இப்படிப்பட்ட ஒரு காளானை ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். 1992-ல் 'நேச்சர்' இதழில் மைரான் ஸ்மித், யோஹான் புரூன், ஜேம்ஸ் ஆண்டர்சன் ஆகிய மூவரும் அதைப் பற்றி எழுதினர். குறைந்தது 15 ஹெக்டேர் பரப்பு, 10 டன்னுக்கு மேல் எடை, 1,500 ஆண்டுக்கு மேல் வயது என்று அவர்கள் கணித்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அதே காட்டுக்குப் போய் ஆராய்ந்தபோது அது இன்னும் உயிரோடு இருந்தது. 2018-ல் வெளியான புதிய கணக்கின்படி அதன் வயது குறைந்தது 2,500 ஆண்டு. எடை குறைந்தது 400 டன்.

அதனினும் பெரியது ஓரிகன் மாநிலத்தில், மால்யூர் தேசியக் காட்டில் இருக்கிறது. 2003-ல் வெளியான ஆய்வு அதன் பரப்பை 965 ஹெக்டேர் என்கிறது. நம் வழக்கில் சொன்னால் 2,380 ஏக்கருக்கு மேல். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர். அதன் வயதை 1,900 முதல் 8,650 ஆண்டு வரை கணித்திருக்கிறார்கள். மண்ணுக்கடியில் அது ஆண்டுக்கு எவ்வளவு தூரம் நகரும் என்று கொள்கிறோமோ, அதைப் பொறுத்து வயது கூடும், குறையும்.

கடற்கயிறு

இனி புழுவுக்கு வருவோம். இதை 'ரிப்பன் புழு' என்பர். தமிழில் நாடாப்புழு என்று சொல்லிவிடலாம் போலிருக்கும். ஆனால் நாடாப்புழு நம் குடலில் வாழும் ஒட்டுண்ணி. இது அதுவன்று; நெமர்ட்டியா என்ற தனித் தொகுதியைச் சேர்ந்தது. இத்தொகுதியில் ஏறத்தாழ 1,300 வகைகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் நாம் பேசுவது லைனியஸ் லாஞ்சிசிமஸ். நார்வே நாட்டுப் பேராயரும் இயற்கை ஆராய்ச்சியாளருமான குன்னெரஸ் 1770-ல் இதற்குப் பெயரிட்டார். பிரிட்டன், நார்வே, ஸ்வீடன் கரையோரங்களில், கல்லுக்கடியிலும் சேற்றிலும் சுருண்டு கிடக்கும். நிறம் கரும்பழுப்பு, அகலம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குள். பார்த்தால் யாரோ எறிந்துவிட்டுப் போன ஈரக் கயிற்றுச் சிக்கல் போலவே இருக்குமாம்.

இதற்குக் கண்டங்கள் இல்லை, எலும்பில்லை, பல்லில்லை. ஆனால் வாய் உண்டு, குடல் உண்டு, மலவாய் உண்டு, மூடிய இரத்தக் குழாய்களும் உண்டு. குடலுக்கு மேலே திரவம் நிறைந்த ஒரு குழலில் நீண்ட துதிக்கை ஒன்றை உள்ளிழுத்து வைத்திருக்கும். தசைகள் இறுகும்போது, கையுறையின் விரலை உள்ளிருந்து வெளியே தள்ளுவது போல அத்துதிக்கை வெளியே பாய்ந்து இரையைச் சுற்றிக்கொள்ளும். தோலில் ஊறும் சளிப்படலம் கடுமையான நெடி உடையது, நஞ்சும் உடையது. அந்த நஞ்சிலுள்ள 'நெமர்ட்டைடு' என்ற புரதத் துணுக்குகளை ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் விவரித்தனர். நண்டுகளையும் பூச்சிகளையும் அது செயலிழக்கச் செய்துவிடும்.

1864-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கடற்கரையில் ஒரு பெரும் புயலுக்குப் பின் இப்புழு ஒன்று ஒதுங்கியது. மருத்துவரும் கடல்வாழ் உயிர்களின் ஆராய்ச்சியாளருமான வில்லியம் மக்கின்டோஷ் அதைப் பற்றிப் பதிவு செய்தார். அதன் நீளம் 55 மீட்டர் என்று பல புத்தகங்கள் சொல்கின்றன. நீலத் திமிங்கலம் ஏறத்தாழ 30 மீட்டர். அப்படியானால் உலகிலேயே நீளமான விலங்கு இப்புழுவே!

இந்த ஆச்சரியக்குறியோடு நானும் குறிப்பை முடித்திருப்பேன். ஆனால் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது இதை அம்மாவிடம் சொன்னேன்.

அம்மாவின் இரண்டு கேள்விகள்

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். சுற்றிலும் தென்னந்தோப்பு. அம்மா கயிறு திரிப்பவள். ஒருவர் ராட்டையைச் சுற்ற, அம்மா இடுப்பில் கட்டிய துணியில் நாரை வைத்துக்கொண்டு, இரு கையாலும் நாரை விட்டபடி பின்னோக்கி நடப்பாள். நடக்க நடக்கப் புரி நீளும். ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் பின்னாலேயே நடந்திருப்பாள் என்று நான் சிறுவயதில் கணக்குப் போட்டுப் பார்த்ததுண்டு.

புழுவின் கதையைக் கேட்ட அம்மா, கையை நிறுத்தாமலேயே கேட்டாள்: "அம்பத்தஞ்சு மீட்டருன்னு யாரு அளந்தா? இழுத்து அளந்தாங்களா, விட்டு அளந்தாங்களா?"

அறிந்தவர்களுக்கு இக்கேள்வியின் கூர்மை புரியும். எங்கள் பக்கம் கயிற்றைப் 'பாகம்' கணக்கில் அளப்பார்கள். இரு கைகளையும் விரித்தால் விரல்நுனிக்கும் விரல்நுனிக்கும் இடைப்பட்ட நீளம் ஒரு பாகம். ஒரு கயிறு இத்தனை பாகம் இருக்க வேண்டும் என்று பேச்சு. வாங்க வரும் வியாபாரி அளக்கும்போது கயிற்றை நெஞ்சுக்கு முன்னால் தொய்ய விட்டு அளப்பார். ஒவ்வொரு பாகத்திலும் அரைச் சாண் கயிறு அவருக்கு மிச்சம். அம்மா அளக்கும்போது விறைப்பாக இழுத்து அளப்பாள். ஒரே கயிறுதான், இரண்டு நீளம். இதில் யார் பொய்யர்? இருவருமே கையை விரித்துக் காட்டித்தான் அளக்கிறார்கள். கூலி மட்டும் ஒருவருக்குக் குறைகிறது.

கல்லூரிக்குத் திரும்பியதும் அம்மாவின் கேள்விக்கு விடை தேடினேன். மக்கின்டோஷ் உண்மையில் அறுபடாமல் அளந்தது 30 கஜம் மட்டுமே. அதாவது சுமார் 27 மீட்டர். அதற்கு மேலும் சுருள் கிடந்தது. பாதிகூட விரிந்திருக்கவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். 30 கஜத்தை இரண்டால் பெருக்கியதுதான் புகழ்பெற்ற அந்த 55 மீட்டர். அதுமட்டுமன்று, இப்புழு ரப்பர் போல நீளக்கூடியது. சுருங்கிக் கிடக்கும்போது ஒரு நீளம், தளர்ந்து நீளும்போது பன்மடங்கு நீளம். ஆகவே, அம்மா கேட்டது போல, இழுத்தா விட்டா என்பது தெரியாமல் இதன் நீளத்தைச் சொல்லவே முடியாது. இந்த இனத்தில் வழக்கமாகக் கிடைப்பவை இதைவிட மிகவும் சிறியவை.

மக்கின்டோஷ் மீது எனக்கு மதிப்பு குறையவில்லை; கூடியது. அளந்தது இவ்வளவு, அளக்காதது இவ்வளவு என்று அவர் பிரித்தே எழுதி வைத்தார். பின்னால் வந்தவர்கள்தான் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கினார்கள்.

காளானைப் பற்றிச் சொன்னபோதும் அம்மா சும்மா இருக்கவில்லை. "நம்ம தோப்புலயும்தான் மழை பேஞ்சா மூலைக்கு மூலை காளான் முளைக்குது. அம்புட்டும் ஒண்ணுதான்னு எப்படிச் சொல்றாங்க?" என்றாள்.

இதற்கும் விடை இருக்கிறது. காட்டின் வெவ்வேறு இடங்களிலிருந்து இழைகளை எடுத்து வந்து, ஒரே கண்ணாடித் தட்டில் அருகருகே வளர்ப்பார்கள். இரண்டும் ஒரே காளானின் பகுதியாக இருந்தால், சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். வேறு வேறாக இருந்தால் நடுவே ஒரு கருங்கோடு விழும். தன்னைத் தான் அடையாளம் கண்டுகொள்ளும் அறிவு அந்த இழைக்கு இருக்கிறது! இதற்கு மேல், டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். மிச்சிகன் காளானில் தூரத்தில் எடுத்த துண்டுகளுக்கும் அருகில் எடுத்தவற்றுக்கும் வேறுபாடு மிக மிகக் குறைவாகவே இருந்தது. ஆனாலும் ஒன்று: 965 ஹெக்டேரையும் தோண்டிப் பார்த்து எல்லாக் கயிறும் இன்று அறுபடாமல் இணைந்திருக்கின்றன என்று காட்ட இயலாது. எல்லாம் ஒரே தொடக்கத்திலிருந்து வளர்ந்தவை என்பது உறுதி. எல்லாம் இப்போதும் ஒரே உடம்பா என்பது வேறு கேள்வி.

அம்மாவின் இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கு இவ்விரு உயிர்களின் வேற்றுமை தெளிவாயிற்று. புழுவில் 'ஒன்று' என்பதில் ஐயமில்லை. எவ்வளவு நீளம் என்பதில்தான் ஐயம். காளானில் எவ்வளவு பரப்பு என்பதைப் படம் போட்டுக் காட்டிவிடலாம். 'ஒன்று' என்பதில்தான் ஐயம். விலங்கியல் ஒரு கேள்வியையும் தாவரவியல் மறு கேள்வியையும் எழுப்புகின்றன. எட்டாம் வகுப்போடு நின்ற என் தாய் இரண்டையும் ஒரு மாலைப்பொழுதில் கேட்டுவிட்டாள்.

ஒற்றுமையும் வேற்றுமையும்

இரண்டும் ஏன் கயிறாக இருக்கின்றன? இரண்டும் மேற்பரப்பை நம்பி வாழ்பவை என்பதே காரணம் எனலாம். புழுவுக்குச் செவுள் இல்லை, நுரையீரல் இல்லை. மூச்சுக்காற்று தோல் வழியேதான் உள்ளே போக வேண்டும். உருண்டையாக இருந்தால் நடுப்பகுதி மூச்சுத் திணறும். மெல்லியதாக இருந்தால் எல்லாப் பகுதியும் நீருக்கு அருகில் இருக்கும். காளானோ தோல் வழியே உண்கிறது. செரிப்பு நீரை மரத்துக்குள் சுரந்து, அங்கேயே செரிக்க வைத்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. அதாவது, புழு உணவை வயிற்றுக்குள் வைக்கிறது. காளான் வயிற்றை உணவுக்குள் வைக்கிறது.

வேற்றுமையைப் பாருங்கள். புழுவுக்குத் தலை ஒன்று, வால் ஒன்று. அது ஒரு திசையில் போகும். காளானுக்கு எத்தனை நுனியோ அத்தனை முகம். எல்லாத் திசையிலும் போகும். புழு ஒரு நாளில் சாகும். காளான் இங்கே செத்துக்கொண்டும் அங்கே வளர்ந்துகொண்டும் இருக்கும். புழுக்களில் சிலவகை வெட்டுப்பட்ட துண்டிலிருந்து முழு உடலை மீண்டும் வளர்க்கும். அப்போது அவை இரண்டு புழு. காளான் வெட்டுப்பட்டாலும் துண்டுகள் மண்ணில் மீண்டும் சந்தித்தால் ஒன்றாகிவிடும்.

இன்னொரு செய்தி என் தோழிகளுக்கு வியப்பளித்தது. நாம் காளானைத் தாவரவியல் வகுப்பில்தான் படிக்கிறோம். ஆனால் 1969-ல் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோதே பூஞ்சைகளுக்குத் தனி உலகம் கொடுத்துவிட்டார். பின்னர் மரபணுக்களை ஒப்பிட்டவர்கள், பூஞ்சை தாவரத்தைவிட விலங்குக்கே நெருங்கிய உறவு என்று கண்டார்கள். ஆகவே, ஓரிகன் காட்டின் கயிறு தான் கொல்லும் மரத்துக்குத் தூரத்து உறவு. ஸ்காட்லாந்துக் கடலின் கயிற்றுக்கோ அதைவிடக் கிட்டத்து உறவு. ஒரே பட்டப்பெயரை வைத்தவர்கள் இதை அறிந்து வைக்கவில்லை. ஆனாலும் பொருத்தமாக வைத்துவிட்டார்கள்.

'ஒன்று' என்பது எது?

இவ்வளவையும் படித்தபின் என் மனத்தில் நின்றுவிட்ட கேள்வி இதுதான்: ஓர் உயிர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

இது வெறும் பரீட்சைக் கேள்வியன்று. நம் கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரசு 'முதல் பட்டதாரி' என்று ஒரு சான்றிதழ் தருகிறது. நல்ல ஏற்பாடு, எத்தனையோ பேருக்குக் கதவைத் திறந்துவிட்ட ஏற்பாடு. அதில் முதல் பட்டதாரி என்று ஒருவர் பெயர்தான் இருக்கும். அந்த இடத்தில் என் பெயர் வரும்.

எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள். பத்தாம் வகுப்பில் என்னைவிட 31 மதிப்பெண் அதிகம் வாங்கியவள். அவ்வாண்டு அப்பா தென்னையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தார். அக்கா திருப்பூர்ப் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போனாள். இன்றுவரை மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறாள். என் விடுதிக் கட்டணமும், இந்தக் கட்டுரைக்குக் குறிப்பெடுத்த நோட்டும் அதிலிருந்து வந்தவை. "ஒருத்தி படிச்சா ரெண்டு பேரும் படிச்ச மாதிரிதாண்டி" என்று சொல்வாள்.

அவள் அதை என் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறாள். நான் அதை ஏற்கவில்லை. மண்ணுக்கு மேல் தெரியும் குடையை மட்டும் பார்த்து 'காளான்' என்று சொல்லிவிடுகிறோம். அதுபோல மேடையில் பட்டம் வாங்குபவரை மட்டும் பார்த்து 'பட்டதாரி' என்கிறோம். அடியில் கிடக்கும் கயிறு கணக்கில் வருவதில்லை. இது புதிய செய்தியும் அன்று. மக்கின்டோஷின் புகழ்பெற்ற புழு நூலின் முதற்பகுதி 1873-74-ல் வெளியானது. அதிலுள்ள அழகிய வண்ணப்படங்கள் பலவற்றை வரைந்தவர் அவருடைய தங்கை ராபர்ட்டா. திருமணமாகி, ஒரு குழந்தையைப் பெற்றபின் 1869-ல் அவர் இறந்துபோனார். நூல் வெளியானதை அவர் பார்க்கவில்லை. புழுவின் பெயரோடு சேர்த்து உலகம் நினைவில் வைத்திருப்பது அண்ணன் பெயரையே.

உவமையை அளவுக்கு மேல் இழுக்கக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். தேன் காளான் காட்டைக் கொன்று வாழ்வது. எங்கள் குடும்பம் யாரையும் கொன்று வாழவில்லை. இழுத்தால் நீளம் கூடும், உண்மை கூடாது. ஆனால் ஓர் உண்மையை மட்டும் விடாமல் பற்றிக்கொள்கிறேன். காளானின் கயிற்றில் உணவு பழைய வேரிலிருந்து நுனிக்கு மட்டும் போவதில்லை. இரு திசையிலும் போகும். நுனி புதிய வேரைத் தொட்டபின், அங்கே கிடைப்பது பின்னால் இருக்கும் பகுதிக்கும் வரும். பின்னால் வராவிட்டால் அதை ஒரே உடம்பு என்று சொல்வதில் பொருளில்லை.

ஆகவே அக்காவுக்கு, விட்ட இடத்திலிருந்து தொடங்கத் தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுத வேண்டிய விண்ணப்பத்தை வாங்கி வந்திருக்கிறேன். "இருபத்துநாலு வயசுல எனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்றாள். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். "ஒருத்தி படிச்சா ரெண்டு பேருன்னு சொன்னியே அக்கா, அப்ப நீ படிச்சாலும் ரெண்டு பேருதானே?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. ஆனால் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கையெழுத்திடுவாளா என்று இதை எழுதும் நேரத்தில் எனக்குத் தெரியாது.

அன்பு நண்பர்களே! நாம் படிப்பது தேர்வுக்காக மட்டுமன்று. எங்கோ ஓரிகன் காட்டில் இருக்கும் ஒரு பூஞ்சையும், ஸ்காட்லாந்துக் கடலில் இருந்த ஒரு புழுவும் நமக்கு வேலை வாங்கித் தரப்போவதில்லைதான். ஆனால் 'எப்படி அளந்தார்கள்?', 'எது ஒன்று?' என்ற இரண்டு கேள்விகளையும் கேட்கக் கற்றுக்கொண்டால், எந்த எண் நம் முன்னால் வந்தாலும் நாம் ஏமாற மாட்டோம். அந்தக் கேள்விகள் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. நம் தாய்மார்கள் கூலி வாங்கும்போது நாள்தோறும் கேட்டு வந்தவைதான் அவை.

சென்ற வாரம் செய்முறை வகுப்பில் காளானின் படம் வரைந்தோம். பாடத்திட்டத்தில் உள்ளபடி அகாரிக்கஸ். குடை, தண்டு, வளையம், செதில் எல்லாம் வரைந்து பெயரிட்டபின், தண்டுக்குக் கீழே இழைகளையும் கயிறுகளையும் பென்சிலால் நீட்டிக்கொண்டே போனேன். ரெக்கார்டு நோட்டின் அடி விளிம்பு வந்துவிட்டது.

மேடம் நோட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். "கீழே பக்கம் போதவில்லையே அம்மா?" என்றார்கள்.

"ஆமாம் மேடம், போதாது" என்றேன்.

சிவப்பு மையால் தேதியிட்டுக் கையொப்பமிட்டுக் கொடுத்தார்கள்.